ஆறடிக் கிணறு

மூன்று எச்பி நீர்மூழ்கி மோட்டார் ஒன்றின் வயிற்றைப் பிளந்து, கருகிப்போன செம்புக் கம்பியைக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தபோது வெங்கடாசலத்துக்கு மகளிடமிருந்து அழைப்பு வந்தது. காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் சங்கவி பேச மாட்டாள். சுகாதார நிலையத்தில் அவள் ஊசி போடுகிற நேரம் அது. கையைத் துடைக்காமலேயே எடுத்தார்.

“அப்பா, கெணத்துத் தண்ணி கரிக்குதுப்பா.”

“எந்தக் கெணறு?” என்று கேட்டார். கேட்கும்போதே எந்தக் கிணறு என்று தெரிந்திருந்தது. இந்த உலகத்தில் அவர் கண்ணால் பார்க்காமல் ஆழப்படுத்தச் சொன்ன கிணறு அது ஒன்றுதான்.

சங்கவி மாலத்தீவில் நர்சாக இருக்கிறாள். தலைநகரில் இல்லை. அங்கிருந்து படகில் நாலு மணி நேரம் போனால் வருகிற ஒரு சின்னத் தீவு. எழுநூறு பேர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க இருபது நிமிடம். அங்கே ஷரீஃபா என்ற அறுபது வயதுப் பெண்மணியின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஷரீஃபா தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் இருபது வாழையும் ஓர் ஈரப்பலா மரமும், அவற்றுக்கு நடுவே ஒரு கிணறும் அவளுக்கு உண்டு. வாழைத்தாரைப் படகில் ஏற்றி விற்பதுதான் அவள் பிழைப்பு.

அந்தத் தீவில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. குடிக்கிற தண்ணீர் கூரையிலிருந்து வருகிறது. மழை பெய்யும்போது தகரக் கூரையிலிருந்து குழாய் வழியாக இறங்கி, வீட்டுக்கு வீடு நிற்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் சேரும். மழை தப்பினால், கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்து குடிக்க மட்டும் அளந்து கொடுப்பார்கள். குளிக்க, துவைக்க, வாழைக்கு ஊற்ற என்று மற்ற எல்லாவற்றுக்கும் கிணறுதான்.

அந்த வருடம் மழை தப்பியிருந்தது. இதில் ஒரு விஷயம் உண்டு. பார்க்க ஒரே கடலாகத் தெரிந்தாலும் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு எங்கும் ஒரே சூட்டில் இருப்பதில்லை. அகலமான அண்டாவில் சுடுதண்ணீர் ஊற்றி ஒரு பக்கமிருந்து ஊதினால் மேலே மிதக்கிற சூடு எதிர்ப்பக்கம் போய் ஒதுங்கும். அதுபோல, காற்று தள்ளுகிற பக்கம் கடலின் சூடும் ஒதுங்கும். சில வருடம் ஆப்பிரிக்கா பக்கம், சில வருடம் சுமத்ரா பக்கம். சூடு ஒதுங்கிய இடத்தில் ஆவி கிளம்பி மேகம் கூடி மழை கொட்டும். விட்டுப்போன பக்கத்தில் வானம் வெளுத்துக் கிடக்கும். போன ஐப்பசியில் சூடு சுமத்ரா பக்கம் போய்விட்டது. யூட்யூபில் வானிலை சொல்கிற பையன் அதைத்தான் ‘ஐஓடி நெகட்டிவ்’ என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தான். வெங்கடாசலம் ஒரு வாரமும் விடாமல் கேட்டார். அவர் தொழிலுக்கு அது முக்கியம். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால் திண்டிவனத்தைச் சுற்றி எல்லா போர்வெல்லிலும் தண்ணீர் இறங்கும். இறங்கினால் ஆழப்படுத்துவார்கள். மோட்டாரை இன்னும் நூறடி கீழே விடக் கூப்பிடுவார்கள். மரக்காணம் சாலையிலிருக்கிற அவருடைய கடையில் மாசியிலிருந்தே நிற்க இடமில்லை.

மகள் இருக்கிற தீவின் வானத்தை வெளுக்க வைத்ததும் அதே காற்றுதான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் சங்கவிதான் சொன்னாள். ஷரீஃபாவின் கூரைத் தொட்டி காலி, கிணற்றிலும் பக்கெட் முழுசாக மூழ்கவில்லை என்று.

“எத்தன அடி கெணறு?”

“ஆறடிப்பா.”

வெங்கடாசலம் கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். “ஆறடியா? இங்க ஆறடி செப்டிக் டேங்குக்கே பத்தாதுடி! இன்னும் அஞ்சடி எறக்கச் சொல்லு. நாலு உறை எறக்கி, ஒரு எச்பி மோட்டாரப் போடு. தண்ணி பொத்துக்கினு வரும்.”

முப்பது வருட அனுபவத்தில் சொன்ன வார்த்தை அது. மயிலம் பக்கம் நானூறு அடி, செஞ்சி பக்கம் பாறைக்குள் அறுநூறு அடி என்று குழாய் இறக்கியவர். மேலே இருப்பது கலங்கல், போகப் போகத்தான் நல்ல தண்ணீர் என்பது அவருக்குப் பகல் இரவு மாதிரி நிச்சயம். சங்கவி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அந்தக் கிணற்றில் தண்ணீர் காலையில் நாலு விரல் ஏறுகிறது, மதியம் இறங்குகிறது, மறுபடி ராத்திரி ஏறுகிறது. “யாராச்சும் மொள்றாங்களாடி பாரு” என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்.

தீவில் கூலி வேலை செய்கிற இரண்டு வங்காளிகள் அரை நாளில் தோண்டிவிட்டார்கள். பவளமணல், மண்வெட்டிக்கு வெண்ணெய் மாதிரி வந்ததாம். தோண்டும்போது பக்கத்து வீட்டு ஆள் ஒருவர் வந்து கையை வேகமாக ஆட்டி ஏதோ சொல்லியிருக்கிறார். சங்கவிக்கு அந்த மொழி பாதிதான் தெரியும். ஷரீஃபா அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினாளாம். என்ன சொன்னீர்கள் என்று சங்கவி கேட்டதற்கு, ‘இந்தப் பெண்ணின் அப்பா இந்தியாவில் தண்ணீர் எஞ்சினியர்’ என்று சொன்னதாகச் சொல்லியிருக்கிறாள். எட்டாவதோடு நின்றுபோன வெங்கடாசலம் அன்றைக்கு அதைக் கேட்டு மறுக்கவில்லை. கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

மோட்டார் போட்டு நாலு நாள் தண்ணீர் கொட்டியது. ஐந்தாம் நாள் குளித்தால் உடம்பு பிசுபிசுத்தது. ஏழாம் நாள் வாழை இலையின் ஓரமெல்லாம் தணலில் காட்டி எடுத்ததுபோல் கருகியது. சங்கவி மாலத்தீவுக்குக் கிளம்பும்போது ஊறுகாய் பாட்டிலோடு ஒரு டிடிஎஸ் மீட்டரையும் வெங்கடாசலம் அவள் பெட்டியில் வைத்திருந்தார். பேனா அளவு இருக்கும். தண்ணீரில் விட்டால் எவ்வளவு உப்பு என்று எண்ணில் காட்டும். முன்பு அறுநூறு காட்டிய கிணறு இப்போது நாலாயிரத்து இருநூறு காட்டுகிறது என்று இன்றைய அழைப்பில் சொன்னாள்.

“அந்தம்மா இன்னாம்மா சொல்றாங்க?”

“ஒண்ணுமே சொல்லலப்பா. அதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. ரெண்டு பக்கெட்ட எடுத்துக்கினு அஞ்சாவது வூட்டுக்குப் போய் மொண்டுக்கினு வர்றாங்க. நான் தூக்கியாறேன்னா குடுக்க மாட்றாங்க.” குரலைத் தாழ்த்தினாள். “வேற ரூம் பாக்கலாமான்னு யோசிக்கிறேன். அவங்க மூஞ்சியில முழிக்க முடியல.”

நீதானே தோண்டச் சொன்னாய் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டில் மனைவி புனிதா சொன்னாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, கோபமே இல்லாமல், வானிலை அறிக்கை வாசிப்பது மாதிரி சொன்னாள். “ஊர்ல எல்லாம் பக்கத்து வூட்டுக்காரன் கெணத்தக் கெடுப்பான். திண்டிவனத்துல குந்திக்கினே கடலுக்கு நடுவுல ஒருத்தி கெணத்தக் கெடுத்த ஒரே ஆளு நீதான்யா.”

“தெரிஞ்சா செஞ்சேன்?”

“தெரியலன்னா கம்முனு இருக்கணும். அந்தப் பொம்பள வாழையெல்லாம் போச்சுன்னா எம்பொண்ணு அங்க எப்பிடி இருப்பா?”

அந்த ராத்திரி அவர் படுத்தபடி தன் முப்பது வருடக் கிணறுகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் பாறைக் கிணறு, களிமண் கிணறு. கடலோரத்து வேலையையே அவர் எடுப்பதில்லை. உப்புக் காற்று மோட்டாரை அரித்துவிடும், ஆறு மாதத்தில் மறுபடி கூப்பிட்டுத் திட்டுவார்கள். ஒரே ஒரு கடலோர வாடிக்கைதான் உண்டு. கோட்டக்குப்பத்து சாரா பீவி. அந்த வேலையையும் பழக்கத்துக்காக விடாமல் வைத்திருந்தார். அந்தப் பெண்மணியின் கிணற்றில் அரை எச்பி மோட்டார், தண்ணீருக்குள் ஒரு முழம்தான் இறங்கியிருக்கும். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். அதற்கு மேல் ஓட்ட விடமாட்டாள். பெரிய மோட்டாரைப் போட்டு அடியில் இறக்கலாம் என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார். ‘கீழ போனா கடலுண்ணே’ என்பாள். படிக்காத பொம்பளை என்று நினைத்துக்கொண்டு வருவார். படுக்கையில் எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் கடையைத் திறக்காமல் பைக்கை எடுத்தார். கோட்டக்குப்பம் போய்ச் சேரும்போது வெயில் தலைக்கு மேல் வந்திருந்தது. சாரா பீவி முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். புருஷன் இப்ராஹிம் ஷா கத்தாரில் இருக்கிறார். வீடும் கிணறும் அவள் பொறுப்பு.

“இன்னா மெக்கானிக் அண்ணே, கூப்புடாமலே வந்துக்கிறீங்க? மோட்டாரு நல்லாதான் ஓடுது.”

“மோட்டாருக்கு வரலம்மா. கெணத்தப் பாக்க வந்தேன்.”

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. எஞ்சினியர் என்று பேர் வாங்கியதைக்கூடச் சொன்னார். சாரா பீவி கையிலிருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினாள்.

“பன்னெண்டு வருசமா என் மோட்டாரப் பாத்து சிரிச்சீங்களேண்ணே. இன்னிக்கு ஒரு நாளு நான் சிரிச்சுக்கிறேன், பேஜாராயிடாதீங்க.” அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “மேல நிக்கிறது மழையோட தண்ணி. அடியில நிக்கிறது கடலு. நடுவுல செவுரா வச்சிக்குது? மெள்ள மொண்டா மழைத் தண்ணி வரும். ஜல்தி ஜல்தின்னு இழுத்தா அது எந்திரிச்சு வந்துரும்.”

அவள் சொன்னது அத்தனையும் கணக்குக்குச் சரியாக வரும். கடல்நீர் உப்பைச் சுமப்பதால் கனமானது. நாற்பத்தொரு குடம் நல்ல தண்ணீரும் நாற்பது குடம் கடல்நீரும் ஒரே எடை நிற்கும். மணலுக்குள் ஊறி இறங்கிய மழைநீர் அந்தக் கனமான நீரின்மேல் ஏறி, பாலின் மேல் ஆடை மாதிரி மிதக்கிறது. அந்த எடைக் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் தலைகாட்டினால், கீழே நாற்பதடிக்கு நல்ல தண்ணீர் இறங்கி நிற்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அதையே திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே ஓர் அடியை இழுத்துவிட்டால் கீழே நாற்பதடி உப்பு மேலேறப் பார்க்கும். சின்னத் தீவில், மழை தப்பிய வருடத்தில், மேலே தலைகாட்டுவது நாலு விரலோ என்னவோ. நாலு விரலுக்குப் பத்தடி. வெங்கடாசலம் தரையிலிருந்து பதினோரு அடிக்குத் தோண்டச் சொல்லி, அந்த மெல்லிய ஆடையின் அடிப்பக்கத்துக்குப் பக்கத்திலேயே போய் ஒரு எச்பி மோட்டாரையும் ஓட்ட வைத்திருக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அந்தத் தீவுக் கிணற்றில் தண்ணீர் ஏறியதும் இறங்கியதும் யாரும் மொண்டதால் இல்லை. அடியில் இருந்த கடல் தன் ஏற்ற இறக்கத்தோடு அந்த ஆடையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவும் அவருக்கு அந்தக் கிணற்றடியில் நின்றபோது வார்த்தையாக வரவில்லை. ஆனால் மோட்டாரைப் பிரித்ததும் பழுது எங்கே என்று கை கண்டுகொள்வதுபோல் ஏதோ ஒன்று பிடிபட்டது.

“அப்ப அந்தக் கெணறு செத்துச்சாம்மா?”

“கெணறு எங்கண்ணே சாவும்?” சாரா பீவி கிணற்றின் விளிம்பைத் தட்டினாள். “சுனாமி அன்னிக்கு இதுக்குள்ள கடலே பூந்துச்சு. மீனு செத்து மெதந்துச்சு. வாயில வைக்க முடியாது. ரெண்டு மழைக்காலம் இதத் தொடாம வுட்டோம். அப்புறம் வந்துச்சு பாருங்க, பழைய தண்ணி. தோண்டின குழிய மூடச் சொல்லுங்க. மோட்டார நிறுத்தச் சொல்லுங்க. மழ பெஞ்சா அதுவா வந்து மேல படியும்.”

வெங்கடாசலம் அப்படியே கிணற்றடியில் குந்திவிட்டார். சாரா பீவி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி குடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

“ஏம்மா, ஆழமாப் போவக் கூடாது. சரி. அகலமாப் போனா?”

“இன்னா அகலமா?”

அவர் குச்சியை எடுத்து மணலில் கோடு போட ஆரம்பித்திருந்தார். கிணறு செங்குத்தாகத்தான் இருக்க வேண்டுமா என்ன? குழாயைப் படுக்க வைத்தால்? ஆறடிக்கு மேல் போகாமல், தண்ணீரின் மேல்மட்டத்தை ஒட்டி, முப்பதடி நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட பிவிசி பைப்பை அதில் படுக்கப் போட்டு மணலால் மூடினால், ஒரே இடத்தில் உறிஞ்சாமல் முப்பதடி நீளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே மிதக்கிற நல்ல தண்ணீர் மட்டும் ஒழுகிக் கிணற்றுக்குள் சேரும். கடலை எழுப்பாமலேயே எடுக்கலாம். அங்கேயே சங்கவியைக் கூப்பிட்டார்.

“மோட்டாரக் கழட்டிரு. அஞ்சடியும் மணலக் கொட்டி மூடச் சொல்லு. அப்புறம் நான் சொல்றத எழுதிக்கோ. இந்தத் தடவ சொல்றத அந்தப் பக்கத்து வூட்டு ஆளுகிட்டயும் கேட்டுட்டு செய்யி. அவரு சரின்னாத்தான் மம்மட்டியத் தொடணும்.”

“யாருப்பா சொல்லிக்குடுத்தது?”

“எங்க எஞ்சினியரு” என்று சாரா பீவியைப் பார்த்தார்.

தீவில் அந்தப் பக்கத்து வீட்டு ஆள், சங்கவி வரைந்து காட்டிய படத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் திருத்தம் சொல்லி, தானும் மண்வெட்டி எடுத்து வந்தாராம். குழி மூடியது, குழாய் படுத்தது. இனி மழைதான் வர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், தென்மேற்குப் பருவமழை திண்டிவனத்துக்காரர்களுக்கு அடுத்தவன் வீட்டுக் கல்யாணம். அது மாலத்தீவைத் தொட்டு, கேரளாவை நனைத்து, மலையின் அந்தப் பக்கமே இறங்கிவிடும். இந்தப் பக்கம் வருவது அனல் காற்றுதான். வைகாசியில் அந்த மழைக்காக ஏங்குகிற ஆளை மரக்காணம் சாலையில் யாரும் பார்த்ததில்லை. வெங்கடாசலம் மோட்டாருக்குக் கம்பி கட்டும்போதும் ஃபோனை எதிரே நிமிர்த்திவைத்து மேகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பருவமழைக் கோடு தீவுகளை நோக்கி விரலளவு நகர்ந்தால் சத்தமாகச் சொன்னார். பழுதுக்குக் கொடுத்த மோட்டாருக்காகக் கண்டமங்கலத்திலிருந்து தினமும் வந்து காத்திருந்த பெரியதம்பி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“இன்னா வெங்கடாசலம், கேரளாவுல எஸ்டேட்டு எதனா வாங்கிட்டியா?”

“இல்லப்பா. மாலத்தீவுல இருவது வாழ இருக்குது.”

மழை ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. சங்கவி அழைத்து ஒன்றும் பேசாமல் ஃபோனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். தகரத்தின்மேல் விழுகிற மழையின் இரைச்சல் கடை முழுவதும் கேட்டது. பெரியதம்பி தன்னையறியாமல் எழுந்து வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வந்து உட்கார்ந்தார். சாலையில் தார் உருகிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தினமும் ஓர் எண் வந்தது. நாலாயிரத்து நூறு. நாலாயிரம். மறுபடி நாலாயிரத்து நூறு. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூவாயிரத்து முந்நூறு. இரண்டாயிரத்து அறுநூறு. மழைநீர் பாய் விரிப்பதுபோல் ஒவ்வொரு படலமாக வந்து படிந்து, உப்பைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. ஆனி பாதியில் ஆயிரத்துக்குக் கீழே வந்தது. இருபது வாழையில் ஆறு செத்துவிட்டன. மற்றவை அடியிலிருந்து புதுக் குருத்து விட்டிருந்தன. வேறு அறை பார்க்கும் பேச்சை சங்கவி எடுக்கவில்லை. ஆனால் ஷரீஃபா இன்னும் ஐந்தாவது வீட்டுக்குத்தான் பக்கெட் தூக்கிப் போகிறாள் என்றாள். எண்ணைக் காட்டினால் தலையாட்டிவிட்டுப் போகிறாளாம். அந்தப் பேனாக் கருவி மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு வந்தது. புனிதாதான் எடுத்தாள். இத்தனை நாளும் ஷரீஃபா படத்துக்குள் வந்துவிடுவாளோ என்று வெங்கடாசலம் சுவர்ப் பக்கமாகவே நின்று பேசுவார். அன்றைக்கும் நழுவப் பார்த்தார். புனிதா சட்டையைப் பிடித்து இழுத்து ஃபோனுக்கு முன்னால் உட்கார வைத்தாள். “எத்தினி நாளைக்குத்தான்யா ஓடுவ? குந்து.”

படத்தில் கிணற்றடி. ஷரீஃபா முக்காட்டைப் பின்னால் தள்ளிக் கட்டிக்கொண்டு, ஒரு பெரிய பேசின் முன்னால் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். கிணற்றிலிருந்து தானே ஒரு பக்கெட் மொண்டு பேசினில் ஊற்றினாள். சோப்பைப் போட்டுத் துணியைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நுரை பொங்கியது. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிதிரியாகத் திரியும், ஒருநாளும் பொங்காது. ஷரீஃபா கையை நிறுத்தி அந்த நுரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இன்னும் வேகமாகத் தேய்த்தாள். நுரை விளிம்பைத் தாண்டி அவள் மடியில் வழிந்தது.

தலையை நிமிர்த்தி ஏதோ கேட்டாள்.

“நீதான் அவரான்னு கேக்குறாங்கப்பா” என்றாள் சங்கவி. குரலில் சிரிப்பு இருந்தது.

வெங்கடாசலம் இரண்டு கையையும் கூப்பினார். மன்னிப்பு என்று அந்த மொழியில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுவைத்திருந்தார். அந்த நேரத்தில் மறந்துவிட்டது. “ஆமாம்மா, நான்தான்” என்று தமிழிலேயே சொன்னார்.

ஷரீஃபா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பேசினிலிருந்து நுரையை அள்ளி ஃபோனைப் பார்த்து வீசினாள். சங்கவி கத்தினாள். படம் முழுக்க வெள்ளையானது. வெள்ளைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெங்கடாசலம் தோளிலிருந்த துண்டை எடுத்து, திண்டிவனத்தில் தன் முன்னாலிருந்த ஃபோனின் கண்ணாடியை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.